காட்டு டேபிரைக் கால்நடையாக வளர்க்க முடியுமா? டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ் ஆட்டக்காரர்களுக்கான கேள்வி பதில்

டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ் என்ற கணினி விளையாட்டில் வெப்பமண்டலக் காட்டில் கோட்டை கட்டியவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். கூண்டில் ஒரு டேபிர் விழுந்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். பாதி விளையாட்டைப் பற்றியது, மீதி நிஜ டேபிரைப் பற்றியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சுவாரசியம்.

இது என்ன விளையாட்டு? நான் கேள்விப்பட்டதே இல்லையே.

டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் உருவாக்கியது. 2006-இல் முதன்முதலாக வெளியானது, அப்போது திரை முழுக்க வெறும் எழுத்துகளும் குறியீடுகளும்தான். 2022 டிசம்பரில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் படங்களோடு வந்த பிறகுதான் நம்மைப் போன்றவர்கள் துணிந்து உள்ளே போனோம். ஏழு குள்ளர்களோடு ஒரு மலையடிவாரத்தில் இறங்கி, தோண்டி, விதைத்து, கோட்டை கட்ட வேண்டும். ஜெயிப்பது என்று எதுவும் கிடையாது, கோட்டை எப்படி அழிந்தது என்பதுதான் கதை.

டேபிர் என்பது பன்றியா, யானையா, எறும்புதின்னியா?

மூன்றும் இல்லை. பார்த்தவுடன் மூன்றும் நினைவுக்கு வருவது உண்மைதான். உடம்பு பன்றி மாதிரி, மூக்கு குட்டித் தும்பிக்கை மாதிரி. ஆனால் அதன் நெருங்கிய சொந்தக்காரர்கள் குதிரையும் காண்டாமிருகமும். குளம்பைப் பார்த்தால் தெரியும்: முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று.

நான்கு இனங்கள் பொதுவாக ஏற்கப்பட்டவை. மூன்று மத்திய, தென் அமெரிக்காவில். நான்காவது நம் பக்கத்து ஆள், மலாயா டேபிர். முன்பக்கமும் கால்களும் கறுப்பு, நடு உடம்பில் மட்டும் வெள்ளைப் போர்வை போர்த்தியது போல இருக்கும். இருட்டுக் காட்டில் அது படுத்திருந்தால் விலங்கின் உருவமே கண்ணுக்குப் பிடிபடாது, வெளுத்த பாறை கிடப்பது போலத்தான் தெரியும். மலேசியாவில் இருக்கும் நம் மக்கள் இதைத் ‘தெனுக்’ என்றோ ‘சிப்பான்’ என்றோ மலாய்ப் பெயரில் கேட்டிருப்பார்கள். சாலையோரம் டேபிர் படம் போட்ட மஞ்சள் பலகைகூடப் பார்த்திருக்கலாம், இரவில் சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபடுவது அங்கே பெரிய பிரச்சினை. இந்தியக் காடுகளில் இன்று டேபிர் கிடையாது.

குட்டியைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் போக மனம் வரவில்லை. பழுப்பு உடம்பில் வெள்ளைக் கோடும் புள்ளியுமாக, நம் ஊர்ச் சருகுமானைப் பெரிதாக்கி ஊதினால் எப்படியோ அப்படி. சுமார் ஆறு மாதத்தில் அது மறைந்துவிடும்.

விளையாட்டில் எங்கே கிடைக்கும்?

வெப்பமண்டலப் பகுதியில். குளிர்ப்பிரதேசத்தில் கோட்டை போட்டுவிட்டு டேபிருக்காகக் காத்திருப்பது வீண். இடம் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே தட்பவெப்பம் காட்டும், அதைப் பார்த்து இறங்குங்கள். பசு, ஆடு, பன்றி மாதிரி புறப்படும்போதே பட்டியலிலிருந்து வாங்கிக்கொண்டு வரும் வீட்டு விலங்கு இது இல்லை. விளையாட்டின் கோப்புகளில் ‘அயல் வளர்ப்பு விலங்கு’ என்ற வகையில் குறித்திருப்பார்கள். முன்பெல்லாம் அந்த வகை விலங்குகளைத் தொடவே ‘டஞ்சன் மாஸ்டர்’ என்ற தனிப் பிரபு உங்கள் கோட்டைக்கு வந்து சேர வேண்டும். இடையில் அவர் வராமலேயே போன பதிப்புகளும் உண்டு, யானையும் சிங்கமும் கூண்டிலேயே கிழடாகும். 2012-இல் பயிற்சி முறையை மொத்தமாக மாற்றிய பிறகு அந்தப் பிரபுவின் தயவு தேவையில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. வசந்த காலத்தில் வரும் எல்ஃப் (மரங்களைப் போற்றும் காட்டு இனம்) வணிகர்கள் பழக்கப்பட்ட காட்டு விலங்குகளைக் கூண்டோடு கொண்டுவருவார்கள். டேபிர் வருமா என்பது அதிர்ஷ்டம். வந்தால் யோசிக்காமல் வாங்குங்கள், அது முழுதாகப் பழகியது. விலையாக மரச்சாமான் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், மரத்தை வெட்டியவன் என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

பிடிப்பது எப்படி?

கூண்டுப் பொறிதான். ஒரு பொறிக்கு ஒரு கூண்டு, ஒரு இயந்திர உறுப்பு. கூண்டைத் தச்சன் மரத்தில் செய்துவிடுவான், உறுப்பு கல்லில் மெக்கானிக் பட்டறையில் ஆகும். காலை வைத்தால் போதும், டேபிர் உள்ளே. காயம் இல்லை, தப்பிக்கும் வாய்ப்பு இல்லை. நிஜ வாழ்க்கையில் முந்நூறு கிலோ எடையுள்ள ஒரு விலங்கைப் பிடிக்க மயக்க ஊசி, கால்நடை மருத்துவர், பத்து ஆள் என்று ஒரு படையே வேண்டும். இங்கே ஒரு மரப்பெட்டி.

பொறியை நடுக்காட்டில் சிதறி வைக்காதீர்கள். ஓடைக்கும் பாறைச் சுவருக்கும் நடுவில் இருக்கும் குறுகிய வழி, பாலத்தின் வாய், இப்படி எல்லாமே கடந்துதான் ஆக வேண்டிய இடத்தில் வரிசையாக வையுங்கள். ஐந்தாறு வைத்தால் ஒன்றில் விழும். விழுந்த பிறகு பொறியில் புதுக் கூண்டு போட ஆள் வர வேண்டும், அதற்குக் கிடங்கில் உபரிக் கூண்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிடித்தாயிற்று. உடனே வெட்டிச் சமைக்கலாமா?

முடியாது. கூண்டில் இருக்கும் காட்டு விலங்கைக் கசாப்புக்காரன் தொட மாட்டான். முதலில் பழக்க வேண்டும், அப்புறம்தான் வெட்ட முடியும். கேட்க மனம் சங்கடப்படுகிறது, தெரியும். ‘வா கண்ணு’ என்று காய் ஊட்டி, தலையைத் தடவி, மறுவாரம் கசாப்புப் பட்டறை. விளையாட்டின் விதி அப்படி.

பழக்குவது எப்படி நடக்கிறது?

ஒரு இடத்தை விலங்குப் பயிற்சி மண்டலமாகக் குறியுங்கள். விலங்குப் பட்டியலைத் திறந்து டேபிருக்கு நேராகப் பயிற்சியைத் தேர்ந்தெடுத்து, இன்னார் என்று ஒரு பயிற்சியாளரையோ, யார் வேண்டுமானாலும் என்றோ விடுங்கள். அவர் கிடங்கிலிருந்து தீனியை எடுத்துக்கொண்டு போவார். புலி, கரடிக்கு இறைச்சி, டேபிர் மாதிரி தாவர உண்ணிக்குச் செடி, காய். ‘என் பயிற்சியாளர் சும்மாவே நிற்கிறார்’ என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேரின் கிடங்கில் பச்சையாக ஒன்றுமே இருக்காது, எல்லாவற்றையும் சாராயம் காய்ச்சியிருப்பார்கள். குள்ளர்களின் கோட்டையில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான்.

பழக்கம் படிப்படியாக ஏறும். அரைக்காடு, பழகியது, நன்றாகப் பழகியது என்று மேலே போய், கைதேர்ந்த பயிற்சி வரை பல படிகள். எந்தப் படி கிடைக்கும் என்பது பயிற்சியாளரின் திறமையையும், அந்த இனத்தைப் பற்றி உங்கள் கோட்டைக்கு எவ்வளவு தெரியும் என்பதையும் பொறுத்தது. இரண்டாவது விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முதல் டேபிர் வரும்போது உங்கள் ஆட்களுக்கு அதன் பெயரைத் தவிர ஒன்றும் தெரியாது. தடுமாறித் தடுமாறிப் பழக்குவார்கள். மூன்றாவது டேபிர் வரும்போது ஊருக்கே அதன் குணம் தெரிந்திருக்கும். பழகியது விலங்கு மட்டும் இல்லை, ஊரும்தான்.

‘அரைக்காடு’ என்று காட்டுகிறதே, ஆபத்தா?

பழகிய பாடத்தை விலங்கு மறந்துகொண்டே வரும். யாரும் மறுபயிற்சி கொடுக்காவிட்டால் ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் மறுபடி காட்டு விலங்கு. கூண்டுக்கு வெளியே, உங்கள் கோட்டைக்குள்ளே.

எனக்கு நடந்தது இது. பெட்டை டேபிர் ஒன்றை ஓடைக்கரையில் பிடித்து ஓரளவு பழக்கி, கோட்டைக்கு உள்ளேயே மண் தரை உள்ள ஒரு பெரிய அறையில் மேயவிட்டிருந்தேன். பயிற்சி மண்டலத்தையோ மதிலுக்கு வெளியே போட்டு வைத்திருந்தேன், இடம் இல்லை என்று. கோப்ளின் என்ற எதிரி இனத்தின் படை வந்தது. பாலத்தைத் தூக்கி எல்லோரையும் உள்ளே பூட்டினேன். முற்றுகை நீண்டுகொண்டே போனது. பயிற்சியாளர் வெளியே போக முடியாது, மண்டலத்தை உள்ளே மாற்ற வேண்டும் என்ற யோசனையும் எனக்கு வரவில்லை. ஒரு நாள் பார்த்தால் நெசவுக்காரன் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறான், தண்ணீர் தூக்கியவன் வாளியைக் கீழே போட்டுவிட்டான். காரணம் நம் டேபிர். காட்டு விலங்காக மாறி, யாரையும் கடிக்காமல், பயந்துபோய் அறைக்கு அறை ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து இவர்கள் ஓட, இவர்களைப் பார்த்து அது ஓட, வெளியே நின்ற கோப்ளின்களை யாருமே கவனிக்கவில்லை.

அதனால் பயிற்சி மண்டலம் மதிலுக்குள்ளே இருக்கட்டும். ஒரே ஒரு பயிற்சியாளரை நம்பவும் வேண்டாம், அவர் படுத்துவிட்டால் முடிந்தது.

நிரந்தரமாகப் பழக்க வழியே இல்லையா?

குட்டியில்தான் இருக்கிறது வழி. பழகிய தாய்க்குப் பிறந்த குட்டியைக் குட்டியாக இருக்கும்போதே பயிற்சிக்கு விட்டால் அது முழுதாகப் பழகிவிடும், மறதி வராது. காட்டில் பிடித்தது என்றைக்கும் ஒரு கால் காட்டில்தான் வைத்திருக்கும்.

தீனிக்கு என்ன செய்வது?

புல் உள்ள மேய்ச்சல் மண்டலம் ஒன்றைத் தாராளமாக ஒதுக்கிவிடுங்கள். பெரிய உடம்புக்குப் பெரிய இடம். இந்த விஷயத்தில் விளையாட்டுக்குப் பழைய கெட்ட பெயர் உண்டு. சில பழைய பதிப்புகளில் யானை தின்னும் வேகத்தைவிட அதற்குப் பசிக்கும் வேகம் அதிகம். கண்ணுக்கெட்டிய தூரம் புல் இருந்தும் யானை பட்டினியால் சாகும்.

நிஜ டேபிருக்குப் புல்வெளி போதவே போதாது. அது தழை கடிக்கும் விலங்கு. அந்தச் சிறு தும்பிக்கையால் கிளையை வளைத்து, இலையை உருவி, விழுந்த பழத்தைப் பொறுக்கித் தின்னும். பசுவைப் போல இரைப்பை நான்கு அறை கிடையாது, அசை போடாது. குதிரை மாதிரி பின்குடலில்தான் செரிமானம். அப்புறம் தண்ணீர். நீந்தும், முக்குளிக்கும், சாணியும் பெரும்பாலும் தண்ணீரிலேயே போடும். உயிரியல் பூங்காவில் டேபிர்க் குளத்தைக் கழுவுகிறவர்களிடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார்கள். உங்கள் குள்ளர்களின் கிணற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பால் கறக்கலாமா? ரோமம்? பாரம் சுமக்குமா?

பால், ரோமம் இரண்டும் கிடையாது. வெட்டினால் இறைச்சி, கொழுப்பு, எலும்பு, தோல் கிடைக்கும். கொழுப்பை உருக்கிச் சமையலுக்கோ சோப்புக்கோ வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். போருக்குப் பழக்க நினைத்தால் நாயோ யானையோ தேடுங்கள்.

ஆணும் பெண்ணும் இருக்கின்றன. குட்டியே இல்லை, ஏன்?

முதலில் இரண்டும் கூண்டுக்கு வெளியே, ஒரே மேய்ச்சல் இடத்தில் இருக்கின்றனவா பாருங்கள். அதுவும் சரி என்றால், விதி. இந்த விளையாட்டில் ஒவ்வொரு உயிருக்கும் இணை விருப்பம் தனித்தனியாக முடிவாகிறது, விலங்குகளுக்கும்தான். சில ஆண் விலங்குகளுக்குப் பெட்டையில் நாட்டம் இருக்காது, சிலவற்றுக்கு எதிலுமே நாட்டம் இருக்காது. ஒரே ஜோடியை நம்பி உட்காராமல் இன்னும் இரண்டு பிடியுங்கள்.

நிஜத்தில் யாராவது டேபிரைக் கால்நடை ஆக்கியிருக்கிறார்களா?

இல்லை. ஆனால் ‘பழக்கியிருக்கிறார்களா’ என்று கேட்டால், ஆமாம், தாராளமாக. இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் விளையாட்டு ‘பழகியது’, ‘வீட்டு விலங்கு’ என்று இரண்டு சொல்லால் காட்டுகிறது.

அமேசான் பழங்குடி ஊர்களில் தாயை வேட்டையாடிவிட்டுக் குட்டியை எடுத்து வந்து வளர்ப்பது பழைய வழக்கம். வளர்த்த குட்டி வீட்டைச் சுற்றியே வரும், ஆளைப் பின்தொடரும். வயிற்றிலோ முதுகிலோ சொறிந்துவிட்டால் அப்படியே சரிந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். இதைப் பூங்காக்களில் வேலைக்கே பயன்படுத்துகிறார்கள். ஒருவர் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே இருக்க, மயக்க ஊசி எதுவும் இல்லாமல் இன்னொருவர் ரத்த மாதிரி எடுத்துவிடுவார். மயிலை விட மெல்லிய குரலில் விசில் அடிக்கும், அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து பொம்மைச் சத்தம்.

பழகுகிறது, சரி. பெருகுமா? அங்கேதான் கணக்கு இடிக்கிறது. சினைக் காலம் சுமார் 13 மாதம். ஈற்றுக்கு ஒரே குட்டி. அது பருவத்துக்கு வர மூன்று வருடம்போல ஆகும். ஒரு பெட்டை இரண்டு வருடத்துக்கு ஒரு குட்டி போட்டால் நல்ல ஓட்டம். ஒரு ஜோடியோடு தொடங்கினால், ஒன்றையும் வெட்டாமல் காத்திருந்தாலும் பத்து வருடத்தில் பட்டியில் பத்து டேபிர் சேர்ந்தால் பெரிய விஷயம். பன்றிக்கு 114 நாள், ஒரே ஈற்றில் பத்துக் குட்டி. பட்டி போட்டு வளர்க்கிற எவனும் எதைத் தேர்ந்தெடுப்பான்? போதாததற்கு டேபிர் தனியாகத் திரிகிற விலங்கு. மந்தை கிடையாது, தலைவன் பின்னால் வரிசையாகப் போகும் குணம் கிடையாது. ஆட்டை ஓட்டுவது போல ஓட்ட முடியாது.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. தெப்பக்காட்டில் காட்டு யானையைக் கரால் என்ற மரக்கூண்டில் அடைத்து, கரும்பும் சாதமும் ஊட்டி, மாதக்கணக்கில் பாகன் கூடவே இருந்து கும்கியாக்குகிறார்கள். ஆயிரக்கணக்கான வருடமாக மனிதனோடு இருந்தும் யானை வீட்டு விலங்கு ஆகவில்லை. ஒவ்வொரு யானையையும் தனித்தனியாகத்தான் பழக்க வேண்டியிருக்கிறது. 22 மாதம் சுமக்கும் விலங்கைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்க யாருக்குப் பொறுமை இருந்தது?

விளையாட்டு ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். சினைக் காலம் என்று ஒவ்வொரு விலங்குக்கும் தனிக் கணக்கு அங்கே இல்லை. டேபிரும் யானையும் பூனையும் ஏறக்குறைய ஒரே அவசரத்தில் ஈனும். பழக்குவதன் கஷ்டத்தை அவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்கள் காத்திருப்பின் கஷ்டத்தை விட்டுவிட்டார்கள். 13 மாதம் யார் உட்கார்ந்து பார்ப்பது என்று நினைத்திருக்கலாம், நியாயம்தான்.

‘மலைப் பசு’ என்று எங்கேயோ படித்தேனே?

மத்திய அமெரிக்காவில் உள்ள பெலீஸ் நாட்டில் டேபிரை அப்படித்தான் சொல்வார்கள். அமெரிக்க இனங்களில் ஒன்றான பெயர்ட்ஸ் டேபிர் அந்நாட்டின் தேசிய விலங்கு. பெயரில் பசு இருக்கிறதே தவிர யாரும் கறந்ததில்லை. பிரேசில் பக்கம் இதைவிட வேடிக்கை. அங்குள்ள பழங்குடி மக்களின் தூப்பி மொழியில் டேபிருக்குத்தான் ‘தப்பீரா’ என்ற பெயர். போர்ச்சுக்கீசியர்கள் மாட்டைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியதும், அம்மக்கள் பார்த்த விலங்கில் மாட்டுக்குக் கிட்டத்தில் வந்தது டேபிர்தான் என்பதால் மாட்டுக்கும் அதே பெயர் வைத்தார்கள். நாளடைவில் பெயர் மாட்டோடு ஒட்டிக்கொண்டது. டேபிரைச் சொல்ல ‘அசல் தப்பீரா’ என்று அடைமொழி போட வேண்டியதாயிற்று. வந்த மாடு பெயரையும் பிடுங்கிக்கொண்டது.

பார்க்கச் சாதுவாக இருக்கிறதே, கடிக்குமா?

கடிக்கும். பெரும்பாலும் ஓடி ஒளியும் விலங்குதான், ஆனால் குட்டியோடு இருக்கும் தாயிடம் போகக் கூடாது. 1998-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டி உயிரியல் பூங்காவில் ஒரு பெட்டை டேபிர் பராமரிப்பாளரின் கையையே துண்டாக்கிவிட்டது. பழக்கப்பட்ட பூங்கா விலங்கு அது. விளையாட்டில் வரும் ‘அரைக்காடு’ என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

ராட்சத டேபிர், டேபிர் மனிதன் என்று வருகிறதே?

முரட்டுக் காடு என்று குறிக்கப்பட்ட பகுதிகளில் வரும். ராட்சத டேபிரைப் பிடித்துப் பழக்கினால் இறைச்சி மலை மாதிரி குவியும், கால்நடைக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அதுதான் லாபம். டேபிர் மனிதன் வேறு கதை. அவர் யோசிக்கத் தெரிந்த ஆள். மதுக்கடைக்கு விருந்தாளியாக வந்து பாட்டுக் கேட்டுவிட்டுப் போகக்கூடியவர். அவரைப் பட்டியில் சேர்க்காதீர்கள்.

கோப்பைத் திருத்திப் பால் கறக்கும்படி செய்யலாமா?

செய்யலாம். விலங்குகளின் விவரம் எல்லாம் சாதாரண உரைக் கோப்புகளில்தான் இருக்கிறது. பசுவுக்கு உள்ள பால் தொடர்பான வரிகளை டேபிரின் பகுதியில் ஒட்டி, புது உலகம் உருவாக்கினால் வேலை முடிந்தது. அயல் விலங்கு என்ற குறியை எடுத்துவிட்டுச் சாதாரண வளர்ப்பு விலங்கு ஆக்குகிறவர்களும் உண்டு. நான் ஒரு தடவை செய்து பார்த்தேன். புறப்படும்போதே நாலு டேபிர், கூண்டும் இல்லை, பயிற்சியும் இல்லை. இரண்டு மணி நேரத்தில் சலித்துவிட்டது.

நிஜத்தில் ஒன்று வளர்க்க ஆசை.

வேண்டாம். மலாயா டேபிர் அழியும் நிலையில் உள்ள இனம், மலேசியாவில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி முழுப் பாதுகாப்பு பெற்றது. ஆசையை விளையாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த முற்றுகை டேபிர் கடைசியில் என்ன ஆயிற்று?

நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். கீழ்த்தளத்தில் ஒரு நடைபாதையின் குறுக்கே கூண்டுப் பொறி வைத்து மறுபடி பிடித்தோம். பயிற்சி மண்டலத்தைச் சமையலறைக்குப் பக்கத்திலேயே மாற்றினேன். அடுத்த வருடம் குட்டி போட்டது. குட்டி முழுதாகப் பழகி, சாப்பாட்டுக் கூடத்து வாசலில் எந்நேரமும் படுத்துக் கிடக்கிறது. தாய் மட்டும் இன்னும் ‘அரைக்காடு’க்கும் ‘பழகியது’க்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. அது கீழே இறங்கும்போதெல்லாம் பயிற்சியாளர் ஒரு காயை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்.